பூட்டிய அறையில் அழுத மெஷின்

அத்தியாயம் 4

"பேய் துணி மடிக்குமா மிஸ்?" என்று கேட்டான் ஸப்ரான்.

பதுளை பஸ் நிலையத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். பொலிஸில் சார்ஜன்ட்டாக இருந்து ஓய்வு பெற்ற மரியகொரட்டி, தன் துப்பறியும் நிலையத்துக்கு அவனை உதவியாளனாக எடுத்துக்கொண்டது ஆட்டோவுக்காகவா, வாய்க்காகவா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கொரட்டி சாமான் அறையின் நடுவில் நின்றபடி அவன் விரல் நீட்டிய பக்கம் பார்த்தார். சுவரோரத் தட்டில் வெளுத்த கட்டில் விரிப்புகள் விளிம்போடு விளிம்பு பொருந்த அடுக்கியிருந்தன.

வாசலுக்கு வெளியே நின்ற சுபாஜினியும் எட்டிப் பார்த்தாள். உள்ளே கால் வைக்க அவளுக்கு அனுமதி இல்லை. 'சென் அகதா மிஷன் ஆஸ்பத்திரி, மருத்துவப் பொறியியலாளர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இதே வராந்தாவில் நடந்தவள்தான். போன வெள்ளிக்கிழமையோடு அந்த அட்டை நிர்வாகி யேசுரத்தினத்தின் மேசை லாச்சிக்குள் போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமைதான் எல்லாம் நடந்தது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்து அழகர் மூச்சுத் திணறலோடு ஆண்கள் வார்டில் கிடந்தார். தலைமாட்டில் நின்ற ஒட்சிசன் மெஷின்தான் அவருக்கு மூச்சு. துணைக்கு இருந்த மனைவி இராக்கம்மா சாப்பிடப் போன நேரத்தில் அவர் புரண்டு படுத்தார். போர்வையில் சிக்கிய வயர் இழுபட்டு, பிளக் கழன்று, மெஷின் நின்றுவிட்டது. கரண்ட் போனால் அந்த மெஷின் ஊரைக் கூட்டிக் கத்த வேண்டும். அதற்கென்றே உள்ளே தனியாக ஒரு சின்ன பெட்டரி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அது கத்தவில்லை. இராக்கம்மா திரும்பி வந்தபோது அழகரின் உயிர் போயிருந்தது.

மெஷினை விற்ற கம்பனியின் ஆள் ஜீவராஜ் அன்றைக்கே வந்தான். பிளக்கை மாட்டி, மறுபடி பிடுங்கிக் காதைக் கொடுத்துக் கேட்டான். 'அலாரம் எப்போதோ செத்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அதே வாரம் திங்கட்கிழமை அந்த அலாரத்தைச் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்டவள் சுபாஜினி. ஆகவே அவள் சோதிக்காமலே கையெழுத்துப் போட்டவள் என்றாகிவிட்டது. நாளை காலை விசாரணை. அங்கேயும் அப்படியே முடிவானால் இந்த வேலை மட்டும் போகாது. இனி எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு மெஷினின் ஆணியைக்கூட அவளைத் தொட விடமாட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் துப்பறிய ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், பூட்டிய இந்த அறைக்குள்ளிருந்து அந்த மெஷின் கத்தியது. பிளக்கும் இல்லை, கரண்டும் இல்லை. அலாரம்தான் செத்துவிட்டதாகச் சொல்லியாயிற்றே. வார்டு முழுக்கக் கேட்டது. சில நோயாளிகள் ஆஸ்பத்திரிப் பதிவில் பேர் வெட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். சாயங்காலம் குரல் கம்மித் தேய்ந்து அடங்கும்வரை யேசுரத்தினம் சாவியைக் கையில் பிடித்தபடி கதவுக்கு வெளியே நின்று ஜெபம் சொன்னார். அழகர்தான் கூப்பிடுகிறார் என்று பேச்சுப் பரவிவிட்டது.

சுபாஜினி அன்று ஆஸ்பத்திரியில் இல்லை. ஆனாலும் அவளுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேத்தல் கொதிக்கிற சத்தத்தில் கேட்டது. பின்னால் எடுக்கிற லொறியின் சத்தத்தில் கேட்டது. ஒன்றுமே கேட்காத நேரத்தில்தான் இன்னும் தெளிவாகக் கேட்டது.

"இந்த அறைக்கு ஒரே சாவிதான்," என்று மறுபடியும் சொன்னார் யேசுரத்தினம். "அது எங்கிட்டதான் இருக்கு. வெள்ளிக்கிழமை நான் பூட்டினது. இன்னைக்குத்தான் தொறக்குறேன்."

"தரையில தூசி. மெஷின் மேல தூசி," என்றார் கொரட்டி. "துணியில மட்டும் தூசி இல்லையே சேர்."

"அது மட்டுமில்ல மிஸ்," என்று இன்னொரு தட்டுக்குப் போனான் ஸப்ரான். இறந்தவர்களும் மறந்தவர்களும் விட்டுப்போன சாமான்கள் அங்கே கிடந்தன. அழகர் என்று பேர் எழுதிய பை ஒன்று மெலிந்து போய்க் கிடந்தது. அதன் பக்கத்தில் தூசிக்கு நடுவே வட்டமாக ஓரிடம் மட்டும் சுத்தமாக இருந்தது. "இங்க ஒரு பிளாஸ்க் இருந்திருக்கு. இப்ப காணோம். துணியை மடிச்சு வச்சிட்டு டீயும் குடிச்சிட்டுப் போயிருக்கு. ரொம்ப மரியாதையான பேய்."

யேசுரத்தினத்தின் முகம் சிவந்தது. கொரட்டி அதைக் கவனிக்காதவர் போல மெஷினுக்குப் பின்னால் போய்க் குந்தினார். போனின் வெளிச்சத்தை அடித்தார். 

"சுபா, பின்னால சின்னதா ஒரு வட்ட ஓட்டை இருக்கே. அது எதுக்கு?"

"அதுதான் மிஸ் அதுக்கு வாய்," என்றாள் சுபாஜினி வாசலில் இருந்தே. "உள்ள மெல்லிசா ஒரு தகடு இருக்கு. அது அதிர்ந்தாத்தான் சத்தம் வரும்."

"அதிர விடாம எதையாவது ஈரமா அப்பிட்டா?"

"கத்தாது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கொரட்டி தரையிலிருந்து எதையோ விரல் நுனியில் ஒற்றி எடுத்து முகர்ந்தார். "ஓட்டையச் சுத்தி மஞ்சளா ஒரு வளையம். கீழ பொடி. சந்தனம்."

"சந்தனமா?" என்று துள்ளினார் யேசுரத்தினம். "அதையெல்லாம் துடைக்கச் சொன்னேனே!"

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் ஆயுத பூசை. மலையில் தேயிலைச் செடி வெட்டுகிற கத்தியிலிருந்து ஃபெக்டரி எஞ்சின் வரை பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரியானாலும் வேலை செய்கிறவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள்தானே. சுபாஜினியே கையில் சந்தனக் கிண்ணத்தோடு வார்டு வார்டாகப் போய்த் தன் மெஷின்களுக்கெல்லாம் நெற்றியில் வைப்பது போல முன்பக்கத்தில் பொட்டு வைத்தாள். ஒரு திரை, ஒரு ஓட்டை, ஒரு பொத்தான் மேலும் படாமல் பார்த்துத்தான் வைத்தாள். அன்று சாயங்காலமே நோய்க்கிருமி தொற்றும் என்று சொல்லி எல்லாவற்றையும் துடைக்கச் சொல்லிவிட்டார் நிர்வாகி.

"சுவிச் எப்படி இருக்கு மிஸ்?" என்று கேட்டாள் சுபாஜினி.

"போட்டபடியே இருக்கு."

பிளக் கழன்று கிடந்த மெஷினை அப்படியே தள்ளிக்கொண்டு வந்து பூட்டியிருக்கிறார்கள். யாரும் சுவிச்சை அணைக்கவில்லை. என்றால், வெள்ளிக்கிழமை அழகரின் தலைமாட்டிலேயே அது கத்தத் தொடங்கிவிட்டது. வாயை அடைத்த சந்தனத்துக்குள் கத்தியிருக்கிறது. ஜீவராஜ் காதைக் கொடுத்தபோதும் கத்தியிருக்கிறது. இந்த இருட்டுக்குள்ளும் அது ஓயாமல் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்துகிற அறை. அந்தச் சூட்டில் சந்தனம் காய்ந்து விழுந்த பிறகுதான் வெளியே கேட்டது. பெட்டரி தீர்ந்ததும் அடங்கிப்போனது. சுபாஜினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பேயாகவே இருந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்ப இந்தப் புள்ள சொன்னது சரிதானே," என்றான் ஸப்ரான். "அலாரம் நல்ல அலாரம்."

"சந்தனக் கிண்ணத்தோட சுத்தினதும் இந்தப் புள்ளதானே?" யேசுரத்தினத்தின் குரலில் கோபத்தை விடப் பயம்தான் அதிகமாக இருந்தது. "நாளைக்குக் கமிட்டி அதத்தான் கேக்கும். அடைச்சது யாருன்னு சொல்லணும் சார்ஜன்ட் மிஸ். இல்லாட்டி இவங்கதான் அடைச்சாங்கன்னு எழுதிருவாங்க."

*

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ரெங்கம்மா பின்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்தவள், கொரட்டியைப் பார்த்ததும் கையிலிருந்த தலையணை உறையைத் தவறவிட்டாள்.

"அக்கா, விரிப்பு மடிக்கிறது உங்க கைதானே?" என்றான் ஸப்ரான். "எங்க வீட்டுக்கும் ஒரு நாள் வாங்க. எங்க உம்மா மடிச்சா பந்து மாதிரி இருக்கும்."

"என்னா மடிப்பு?"

"பூட்டின ரூமுக்குள்ள இருக்கிற மடிப்பு."

ரெங்கம்மா சுபாஜினியைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை முந்தானையால் மூடப் பார்த்தாள். மூடி என்ன பயன்? அவளுக்கே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"துணி வைக்க வேற எடம் ஏதுங்க மிஸ்? பெரிய சேருக்கு இந்தச் சாவி இருக்கிறதே தெரியாது. தெரிஞ்சா என் வேல போயிரும்."

"ஞாயித்துக்கிழம யார கூட்டிக்கிட்டுப் போனீங்க?"

"இராக்கம்மாக்காவதான். புருசன் சாமான எடுக்கணும்னு வந்து நின்னுச்சு. பாவமா இருந்திச்சு, தொறந்து விட்டேன். பிளாஸ்க்கையும் போர்வையையும் எடுத்துக்கிட்டு, அந்த மெஷினுக்கிட்ட போச்சு. நான் வாசல்ல திரும்பி நின்னு யாரும் வாராங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன். திடீர்னு கத்திருச்சுங்க! நான் ஓடினவதான், இந்தக் கொடிக் கம்பிக்கிட்ட வந்துதான் நின்னேன்."

"அந்தம்மாவும் ஓடி வந்தாங்களா?"

"இல்லைங்க. அது நின்னுச்சு. நான் திரும்பிப் பாக்குறேன், அப்புடியே நின்னுக்கிட்டிருக்கு. பெறகு போய் கையப் புடிச்சு வெளிய இழுத்து, கதவப் பூட்டினேன்."

கொரட்டி சாவிக்கொத்தைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சொல்வேன் என்றும் சொல்லவில்லை. நேரே ஆண்கள் வார்டுக்கு நடந்தார்.

அழகரின் கட்டில் இன்னும் காலியாகவே கிடந்தது. தலைமாட்டில் அதே மாதிரி வேறொரு மெஷின் நின்றது.

"ஸப்ரான், இதுக்கு ஒரு பொட்டு வை பாப்போம்."

"நானா? எங்க வாப்பா கேட்டா என்ன நெனப்பாரு?" என்றபடியே அவன் நின்ற இடத்திலிருந்து விரலை நீட்டினான். விரல் மெஷினின் முன்பக்கத்து உச்சியில் போய் நின்றது.

"நிக்கிறவன் நெத்தியிலதான் வைப்பான். இப்ப கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்த் தரையில உக்காரு."

துணைக்கு இருக்கிறவர்கள் பாய் விரித்து உட்காருகிற இடம் அது. ஸப்ரான் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். விரலை மறுபடி நீட்டினான். எதிரே மெஷினின் முதுகு. அவன் கண்ணுக்கு நேராக அந்தச் சின்ன வட்டம் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருந்தது.

அவன் கையை மெல்ல இறக்கிக்கொண்டான்.

"முன்பக்கத்து விளக்கு நர்ஸ் மேசைக்குத் தெரியணும்னு நான்தான் மிஸ் மெஷின அந்தப் பக்கம் திருப்பி வச்சேன்," என்றாள் சுபாஜினி. 

*

ஆட்டோ ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. மிஸ்ட் புகையாக இறங்கி, தேயிலை நிரைகள் முதல் வளைவோடு மறைந்துவிட்டன. சுபாஜினி இந்தப் பாதையில்தான் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினாள். இதே பாதையில்தான் பல்கலைக்கழகத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். எஞ்சினியருக்குப் படிக்கிறாள் என்றதும் ஃபெக்டரி எஞ்சினுக்கா என்று கேட்ட தோட்டம் இது. ஆஸ்பத்திரி மெஷினுக்கு என்று சொன்னபோது, அதற்கு ஒரு படிப்பா என்று சிரித்தவர்கள், வேலை கிடைத்ததும் கோயிலில் அவள் பேரில் அர்ச்சனை செய்தார்கள். அவள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கு. அழகரும் இராக்கம்மாவும் மேல்கணக்கு. இப்போது இரண்டு கணக்கிலும் ஒரே பேச்சுத்தான். அழகரைக் கொன்றது நம்ம பிள்ளையின் மெஷின்.

"அன்னைக்கு இராக்கம்மா பெரியம்மா தானாச் சாப்பிடப் போகல மிஸ்," என்று திடீரெனச் சொன்னாள். "போக மாட்டேன்னுதான் சொன்னாங்க. விடியக்காலத்துல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. நான்தான், 'நீங்க போய் சாப்பிடுங்க பெரியம்மா, ஏதும் நடந்தா அது கத்தும்'னு சொல்லி அனுப்பினேன். அது கத்தலையே மிஸ். நான் சொன்னத நம்பித்தானே எழும்பிப் போனாங்க."

கொரட்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம கையில இப்ப ரெண்டு வழி இருக்கு," என்றார். "நாளைக்கு நீ சந்தனத்தப் பத்திச் சொல்லலாம். வேல கிடைக்கும். ஆனா முறைப்பாடு கொடுத்ததே இராக்கம்மாதான். அவங்களும் அங்க உக்காந்திருப்பாங்க. சந்தனம்னு நீ சொன்ன ஒடனே, புருசன் மூச்ச அடைச்சது தன் கைதான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும். சொல்லாம விட்டா அவங்க தப்பிச்சாங்க, நீ போனே. எனக்கு எந்த வழியும் பிடிக்கல. ஆட்டோவ இங்கேயே திருப்பச் சொன்னாலும் நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

ஸப்ரான் வேகத்தைக் குறைத்தான். 

சுபாஜினி அழவில்லை. அழுகை எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. வேலையை விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள். கொழும்பில் ஏதாவது கடையில் போன் திருத்தலாம். போன் கத்தாவிட்டால் யாரும் சாகமாட்டார்கள். ஆனால் அடுத்த வருசமும் ஆயுத பூசை வரும். மெஷின்கள் எல்லாம் இருக்கும். துடைக்கச் சொன்னால், கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து யாராவது மறுபடி வைப்பார்கள். மெஷினும் தெரிந்து இதுவும் தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

"போவோம் ஸப்ரான்," என்றாள். "அந்த விசாரணை ரூம்ல நாலு பேர் முன்னாடி அவங்க இதக் கேக்கக் கூடாது. நான்தான் போகச் சொன்னேன். நானே சொல்றேன்."

*

லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா இராக்கம்மாவுடையது. கதவு திறந்துதான் இருந்தது. வெள்ளைச் சேலை கட்டிய இராக்கம்மா எழுந்து வந்து, யார் என்று பார்த்து, வழி விட்டாள். சுவரில் மாலை போட்ட அழகர். கீழே ஒரு பழைய ரேடியோ. அதன் நெற்றியிலும் காய்ந்த சந்தனப் பொட்டு.

"ஒக்காருங்க," என்றாள். சுபாஜினியை மட்டும் பார்க்கவில்லை.

சுபாஜினி உட்காரவில்லை. 

"பெரியம்மா, நான் ஒன்னு சொல்லணும். அதக் கேட்டுட்டு நீங்க என்ன திட்டுங்க, அடிங்க. ஆனா எங்கிட்ட இருந்துதான் நீங்க கேக்கணும். அன்னைக்கு அந்த மெஷினு..."

இராக்கம்மா கையை உயர்த்தினாள். உள்ளே போய்த் தட்டிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து வந்தாள். மூடியைத் திருகினாள். உள்ளே டீ இல்லை. ஒரு துணி முடிச்சை வெளியே எடுத்து, அவிழ்த்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

காய்ந்த சந்தன வில்லை ஒன்று. நடுவில் குங்குமம். கொரட்டி அதை மெல்லத் திருப்பினார். பின்பக்கத்தில் அந்த ஓட்டையின் அச்சு சின்ன மொட்டு மாதிரி நின்றது.

"இதத்தானே தேடி வந்தீங்க," என்றாள் இராக்கம்மா.

 கொரட்டி மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"ஒன்னும் தெரியாதவங்க கத்தல் கேட்டா ஓடியிருப்பாங்க," என்றார் தாழ்ந்த குரலில். "நீங்க நின்னீங்க."

"எங்கிட்டு ஓடுறது?" இராக்கம்மா தரையில் உட்கார்ந்தாள். "நான் வச்ச பொட்டு காஞ்சு வெடிச்சுக் கெடந்திச்சு. சும்மா கை வச்சேன். கையோட வந்திருச்சு. வந்த ஒடனே கத்துச்சு பாருங்க... அவரு போன அன்னைக்குக் கத்த வேண்டியதையெல்லாம் சேத்து வச்சுக் கத்துன மாதிரி. அப்பவே வெளங்கிருச்சு. என் கையாலதான் அத ஊமையாக்கிப் புட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?" ஸப்ரானின் குரல் அவனுடைய குரல் மாதிரியே இல்லை.

"என்னான்னு சொல்லுவேன் தம்பி? இந்தப் புள்ள மேலதான் எல்லாரும் பழியப் போடுறாங்க. போட்டா போகட்டும்னு இருந்துட்டேன். பழி அது மேல இருந்தா எனக்குத் தூக்கம் வரும்னு நெனச்சேன்." அவள் முதல் முறையாகச் சுபாஜினியை நிமிர்ந்து பார்த்தாள். "வரல தாயி. முன்ன அவரு மட்டும்தான் காதுல கத்துனாரு. இப்ப நீயும் சேந்து கத்துற."

சுபாஜினி அவள் பக்கத்தில் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். கோபம் வந்தது. இத்தனை நாள் தான் பட்ட பாடு இந்தப் பிளாஸ்க்குக்குள் முடிந்து கிடந்திருக்கிறது என்று நினைத்தபோது நன்றாகவே கோபம் வந்தது. ஆனால் அந்தக் கையைப் பார்த்தால் கோபம் நிற்கவில்லை. தேயிலைக் கறை ஏறிய விரல்கள் அந்த வில்லையை உடைந்துவிடாமல் பொத்தி வைத்திருந்தன.

"ஏன் பெரியம்மா வச்சீங்க?"

"நீ வச்சியே, அதப் பாத்துத்தான். எல்லா மெஷினுக்கும் வச்சிக்கிட்டு வந்த. எங்க மெஷினுக்கு வைக்கிறப்ப, 'இதுதான் பெரியப்பாவுக்கு மூச்சு'ன்னு சொன்ன. சாயங்காலமே தொடச்சிட்டாங்க. நம்ம புள்ளையோட மெஷினு மூளியா நிக்குதேன்னு மனசு கேக்கல. முன்னாடி வச்சா திரும்பத் தொடச்சிருவாங்க. வெள்ளிக்கிழமையாச்சேன்னு காலையில, யாரு கண்ணுலயும் படாத எடமாப் பாத்து வச்சேன்."

வெளியே மிஸ்ட் கதவு வரைக்கும் வந்து நின்றது. சுபாஜினிக்கு இப்போது அழுகை வந்தது. தடுக்கவும் இல்லை.

"நான் போய்ச் சாப்பிடுங்கன்னு சொல்லாம இருந்திருந்தா..."

"நீ பொய் சொல்லலையே. கத்தும்னு சொன்ன. கத்துச்சு."

"நாளைக்கு நீங்க வர வேணாம். நான் பேர் சொல்ல மாட்டேன். யாரு வச்சான்னு தெரியாதுன்னு சொல்லிருவேன்."

"தெரியாதுன்னா ஒன்னத்தான் சொல்லுவாங்க." இராக்கம்மா வில்லையை மறுபடி துணியில் முடிந்தாள். பிளாஸ்க்குக்குள் போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். "நாளைக்கு வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போகல தாயி. நானும் வாறேன்."

*

காலையில் கமிட்டிக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யேசுரத்தினம் ஒரு மூலையில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருடைய சட்டைப் பையில் கழுத்தட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. ரெங்கம்மா தன் சாவிக்கொத்தைத் தானே கொண்டுவந்து அவர் மேசையில் வைத்திருந்தாள்.

இராக்கம்மா எழுந்து நின்று முறைப்பாட்டை மாற்றிச் சொன்னாள். யாரையும் கெஞ்சவில்லை. துணி முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

"அலாரத்தை நாங்கள் கேட்க வேண்டும்," என்றார் தலைவர்.

சுபாஜினி அங்கே தள்ளிக்கொண்டு வந்திருந்த அந்த மெஷினுக்குப் புதுப் பெட்டரியைப் போட்டாள். பிளக்கை மாட்டி மெஷினை ஓடவிட்டாள். அது உஸ் உஸ் என்று மூச்சு விட்டது. அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

மெஷின் கத்தியது. தலைவர் காதைப் பொத்தினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஸப்ரான் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டான்.

"சரி, சரி, வேலை செய்கிறது! அப்படியே எழுதுங்கள்," என்று சத்தத்துக்கு மேலே கத்தினார் தலைவர். "நிறுத்துங்கள் அதை!"

சுபாஜினி சுவிச்சில் கை வைத்தாள். அவளை விட்டால் அறையில் காதைப் பொத்தாமல் நின்றது ஒரே ஒரு ஆள்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள் இராக்கம்மா.

"இரு தாயி," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்."